கழுத்தும் கண்ணாடியும்

2024 அக்டோபர் 4, வெள்ளி

ஸ்டில்ட் பார்க்கிங்கில் நோட்டீஸ். ஆயுத பூஜைக்குள் எல்லா வண்டியும் ரிவர்ஸில்தான் நிற்க வேண்டுமாம். செக்ரட்டரி கையெழுத்து. மணலிப் பக்கம் எண்ணெய்க் கம்பெனியில் சேஃப்டி பார்த்து ரிட்டயர் ஆனவர். அங்கே அப்படித்தானாம். சைரன் அடித்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு நிற்கக் கூடாது, நேரே கேட்டுக்குப் போய்விட வேண்டும்.

நல்ல சட்டம். இந்த பில்டிங்கில் பாதிப் பேருக்கு ரிவர்ஸ் வராது. மூக்கை நுழைத்துவிட்டு மேலே போய்விடுவார்கள். காலையில் ஆபீஸ் அவசரத்தில் சட்டென்று பின்னால் எடுப்பார்கள். அந்த நேரம்தான் குழந்தைகள் ஸ்கூல் வேனுக்கு ஓடும். ஒருத்தனுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று ரோட்டில் பார்க்க வேண்டாம். நிறுத்தும்போது பார்த்தால் போதும்.

கழுத்து இடது பக்கம் பிடிப்பு. தலையணை சரியில்லை.

முதலாளி அம்மாவோடு மயிலாப்பூர். திரும்பும்போது மத்திய கைலாஷ் வருவதற்குள் தூங்கிவிட்டார்கள்.

அக்டோபர் 5, சனி

சி-2 சார் சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போயே போய்விட்டார். "நீங்களே விட்டுடுங்க டிரைவர்." அப்புறம் ஏ-4 மேடம். அப்புறம் அந்த ஐடி பையன், புது கிரெட்டா. அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் கொஞ்சம் ஸ்டைலாகத்தான் விட்டேன். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை பக்கத்து சீட்டு மேல், உடம்பை முழுக்கத் திருப்பி. ஒரே கட். தூணுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண்.

பையன் கேட்டான், மூக்கால் விட்டால் ஏன் போகமாட்டேன் என்கிறது என்று. சொன்னேன். திரும்புவது முன்சக்கரம் மட்டும்தான் தம்பி. பின்சக்கரம் சும்மா கூட வரும், வரும்போது உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்னால் நுழைந்தால் மூக்கு தப்பிவிடும், பின்கதவு தூணில் உரசும். ரிவர்ஸில் பின்சக்கரத்தை முதலில் இடத்துக்குள் உட்கார வைத்துவிடு. மூக்கை எப்படி வேண்டுமானாலும் ஆட்டிக்கொள்ளலாம். இடம் எட்டேகால் அடி. நம்ம ஹோண்டா சிட்டியே ஐந்தேமுக்கால். மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்.

"இது ஜாமெட்ரி அங்கிள்" என்றான். ஜிபே பண்ணட்டுமா என்றான். வேண்டாம் என்று சொல்ல நினைத்து நம்பரைச் சொன்னேன்.

ராத்திரி கோடாலி தைலம். என் வீட்டுக்காரிதான் தேய்த்துவிட்டாள். "வண்டியை உள்ளே விட்டீங்க, பெருமை கழுத்துல போய் நின்னுடுச்சு."

அக்டோபர் 6, ஞாயிறு

மெரினா விமான சாகசம். அம்மாவின் மாப்பிள்ளை சாருக்கும் பேரனுக்கும் பார்க்கணும். காலையில் போவதற்குள்ளேயே போதும் போதும் என்றாகிவிட்டது. ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் வண்டியைச் செருகிவிட்டு உள்ளேயே இருந்தேன். மேலே சத்தம் மட்டும் கேட்டது. ஒரு விமானம்கூடப் பார்க்கவில்லை.

வரும்போது நின்றது நின்றதுதான். கிளட்ச், பிரேக், கிளட்ச். இடது முட்டி விண்விண் என்றது. கண்ணாடியை ஒட்டி ஜனம். குழந்தையைத் தோளில் வைத்த ஆள் ஒருவர் பானெட்டில் கையூன்றி நின்றுவிட்டார், மயக்கம். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். அத்தனை கூட்டத்தில் ஒருத்தர் மேலும் படாமல், ஒருத்தர் காலிலும் ஏற்றாமல் ஊர்ந்து வந்தேன். சார் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டில் ஒரே கட் அடித்து உள்ளே விட்டதும் தலையைத் தூக்கி, "சூப்பர் டிரைவர்" என்றார்.

அதற்கு சூப்பர்.

டிவியில் ஐந்து பேர் செத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். வெயில். அம்மா வராமல் இருந்ததே நல்லது.

அக்டோபர் 7, திங்கள்

மாப்பிள்ளை சாரே வண்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். வந்து மூக்கால் விட்டார். நோட்டீஸைக் காட்டினேன். சிரித்தார். அமெரிக்காவில் எல்லாரும் இப்படித்தானாம், சாமான் ஏற்ற டிக்கி வழிப் பக்கம் இருக்க வேண்டாமா என்றார். அதுவும் சரிதான். அரிசி மூட்டையைத் தூணுக்கும் சுவருக்கும் நடுவே தூக்கிப் பார்த்தவனுக்குத் தெரியும்.

அங்கே ஒரு பேராசிரியர் பார்க்கிங் லாட்டில் நின்று எண்ணியிருக்கிறாராம். சீனாவில் நூற்றுக்கு 88 வண்டி ரிவர்ஸில் நிற்கிறதாம், அமெரிக்காவில் ஆறுகூட இல்லையாம். இப்போது கஷ்டப்பட்டால் பின்னால் சுகம் என்று நினைக்கிறவன்தான் ரிவர்ஸில் விடுவான், அந்த நாடுதான் சீக்கிரம் முன்னேறும் என்று எழுதிவிட்டாராம். அப்படிப் பார்த்தால் கோயம்பேடு மார்க்கெட் இந்நேரம் சிங்கப்பூர் ஆகியிருக்க வேண்டும். அங்கே எந்த லாரி மூக்கால் நிற்கிறது?

கழுத்து பரவாயில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

பரவாயில்லை என்று நேற்று எழுதினேன். இன்று குளிக்கும்போது தலையைத் திருப்ப முடியவில்லை. கை விரலில் மரமரப்பு.

தரைத்தளத்து மாமி சண்டை. ரிவர்ஸில் விட்டால் சைலன்சர் அவர்கள் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து நிற்கிறதாம். ஸ்டார்ட் பண்ணினால் புகை அத்தனையும் கட்டில் மேல். மாமாவுக்கு வீசிங். செக்ரட்டரி சேஃப்டி என்கிறார். மாமியும் அதையேதான் கேட்கிறார், "எங்களுக்குச் சேஃப்டி வேண்டாமா?" வாட்ச்மேன் அண்ணன் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். மாமி சொல்வது நியாயம். சொல்லவில்லை. நமக்கென்ன.

அக்டோபர் 10, வியாழன்

ரத்தன் டாடா போய்விட்டார். நேற்று ராத்திரியே. பேப்பர் முழுக்க அவர்தான். இண்டிகா வந்தது 1998 கடைசியில். எனக்கு அதுவரை அம்பாசடர். பவர் ஸ்டியரிங் கிடையாது. நின்ற இடத்தில் ஒடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும். கொஞ்சம் உருள விட்டுத்தான் ஒடிக்க வேண்டும். இண்டிகாவில் அந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லைகள் இருந்தன. நானோவை எந்தப் பொந்திலும் விடலாம். நாலு மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். அதை யாரும் வாங்கவில்லை.

மாலில் வேட்டையன் படம். முதல் நாள். பேஸ்மென்ட் மூன்றாவது தளம். பின்னால் நாலு வண்டி ஹாரன். பேரன் முன் சீட்டில். "தாத்தா, கேமராவைப் பாருங்க, பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் வருது." நான் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். பாதிதான் திரும்பியது. சுளீர் என்று ஏதோ ஓடியது, காதுக்குப் பின்னாலிருந்து முழங்கை வரை. பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே இருந்தேன். ஹாரன். மஞ்சள் கோட்டைப் பார்த்து விட்டேன்.

பையன், "பாத்தீங்களா, ஈஸி" என்றான்.

2019 ஜூலையிலிருந்து வருகிற எல்லாக் காரிலும் அந்த பீப் பீப் இருந்தே ஆக வேண்டுமாம், சட்டம். அப்படியானால் இனி எல்லாரும் நல்ல டிரைவர்தான். கழுத்து எதற்கு?

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. காலை ஐந்தரைக்கே வண்டி கழுவியாயிற்று. சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, ஸ்டியரிங்குக்கு மாலை. பூசணிக்காய் என் தலைமையில்.

இன்றைக்குத்தான் செக்ரட்டரி ஜெயித்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தாயிற்று. ரிவர்ஸில் நின்ற வண்டியெல்லாம் நேரே முன்னால் ஏறி நசுக்கிக்கொண்டு கிளம்பியது. பி-3, ஏ-1, மாப்பிள்ளை சார் மாதிரி இன்னும் ரெண்டு பேர், மூக்கு சுவரைப் பார்த்து. முன்னால் போக இடமில்லை. எலுமிச்சையைப் பின்னால் போய் நசுக்கக் கூடாது என்று பி-3 பாட்டி பிடிவாதம். அபசகுனமாம். கடைசியில் எலுமிச்சையை எடுத்துவிட்டு, வண்டியை வெளியே எடுத்து, திருப்பி, மறுபடி பூஜை. அய்யர் போய்விட்டார். பாட்டியே மந்திரம் சொன்னாள்.

சிரித்துச் சிரித்துக் கழுத்து வலித்தது. இந்த வலி பரவாயில்லை.

அம்மா வேட்டி சட்டையும் ஆயிரம் ரூபாயும் கொடுத்தார்கள். "இந்த வருஷமும் ஒரு கோடு இல்லாம வெச்சிருக்கீங்க."

அக்டோபர் 12, சனி

பெரியவள் டிரைவிங் ஸ்கூல் போய் வந்தாள். எல்எல்ஆர் போட்டு மாசம் முடியப் போகிறது. ரிவர்ஸ் எடுக்கும் முன் வண்டியை விட்டு இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறுகிறாளாம். சொல்லிக்கொடுக்கிறவன் சிரிக்கிறானாம். நானும் சிரித்தேன். அவளுக்குக் கோபம். 1989 விதிப் புத்தகத்தை போனில் எடுத்துப் படித்துக் காட்டினாள். குறுகலான இடத்துக்குள் வலமாகவோ இடமாகவோ, கட்டுப்பாட்டோடு பின்னால் எடுக்கத் தெரிய வேண்டுமாம். "ஸ்டைலா எடுக்கணும்னு எங்கயும் போடலையே அப்பா."

நான் என் பேட்ஜ் வாங்கிய கதையை ஆரம்பித்தேன். கேட்டாயிற்று என்றாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

வேலை இல்லை. தூக்கமும் இல்லை. ராத்திரி இரண்டு மணி.

லாரியில் எங்கே கழுத்தைத் திருப்பினேன்? திருப்பினால் என்ன தெரியும், கேபின் சுவர்தான் தெரியும். இரண்டு பக்கக் கண்ணாடி. அவ்வளவுதான். கொத்தவால் சாவடிச் சந்துக்குள் வெங்காய லோடை ரிவர்ஸிலேயே கொண்டுபோவார் எங்கள் டிரைவர் அண்ணன். திருப்ப இடமே கிடையாது. போனால் ரிவர்ஸில் போ, வந்தால் நேரே வா. அவரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஏன் பார்க்க வேண்டும்? பின்னால் நான் இருந்தேன். பாடியில் தட்டிக்கொண்டே, வரலாம், வரலாம், வரலாம், ஓல்டான்! ஒரு தட்டு, நிற்கும். இரண்டு தட்டு, வரும். மாடு, கூடைக்காரி, சாக்கடை மூடி எல்லாம் என் கணக்கு. ஊரெல்லாம் அவரைத்தான் ரிவர்ஸ் மன்னன் என்றது. கிளீனர் பையனை யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் மட்டும் ராத்திரி புரோட்டா வாங்கிக்கொடுத்து, "இன்னைக்கு நீதான்டா ஓட்டின" என்பார்.

இப்போது எனக்குப் பின்னால் பீப் பீப்.

அக்டோபர் 14, திங்கள்

மழை. நாளை மறுநாள் ரெட் அலர்ட்டாம். மதியமே அம்மாவிடமிருந்து போன். போன டிசம்பர் மிக்ஜாம் புயலில் பழைய வண்டி ஸ்டில்ட்டிலேயே முங்கிப் போனது. அந்த வாசனை இன்னும் அவர்களுக்குப் போகவில்லை. "வண்டியை பாலத்துல விட்டுடுங்க டிரைவர்."

வேளச்சேரி மேம்பாலம். நான் போவதற்குள் பாதிப் பாலம் நிரம்பிவிட்டது. சுவரை ஒட்டி வரிசையாக, பல்லக்கு ஊர்வலம் மாதிரி. ஒரு எர்டிகாவுக்கும் ஒரு நெக்ஸானுக்கும் நடுவே ஒரு இடம். ஒரு வண்டி நீளமும் கொஞ்சமும். இங்கே மூக்கால் போகிற பேச்சே இல்லை.

கேமராவில் மழைத்துளி. திரை முழுக்கத் தண்ணீர்ப் பூ. சென்சார் மழைக்கே கத்துகிறது. கழுத்து திரும்பவில்லை. கொஞ்சம்கூட. பின்னால் பஸ் வந்து நின்றுவிட்டது. ஹாரன் அடிக்கவில்லை அந்த டிரைவர், லைட்டை மட்டும் தணித்தார். அவருக்குத் தெரியும்.

இடது கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டேன், பின்சக்கரமும் சுவரும் தெரிகிற மாதிரி. எர்டிகாவோடு இணையாக நிறுத்தி, நேரே பின்னால் வந்து, ஒடித்து, வலது கண்ணாடியில் பின்வண்டி முழுசாகத் தெரிந்ததும் நேராக்கி, எதிர்ப்பக்கம் ஒடித்து. இரண்டு கட். ஒரே கட்டில் வரவில்லை. வந்திருக்கும், முன்பெல்லாம்.

வெளியே இறங்கினால் முட்டி நடுங்கியது. குளிர்தான்.

அக்டோபர் 15, செவ்வாய்

நல்ல மழை. ஸ்கூல் லீவ். எங்கள் தெருவில் கணுக்கால் வரை. மோட்டார் போட்டு இறைக்கிறார்கள்.

பாலத்தில் விட்டவர்களுக்கு அபராதம் என்று வாட்ஸ்அப். இல்லை என்று போலீஸே சொல்லிவிட்டதாம். அம்மா மூன்று தடவை போன். மூன்றாவது தடவை குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. பின்னால் இருந்த நெக்ஸான்காரர், "நேத்து நீங்க விட்டதைப் பாத்தேன், என்னா சுத்தம்" என்றார். இரண்டு கட் என்பதை அவர் பார்க்கவில்லையா? அல்லது அவருக்கு அது கணக்கில்லையா?

நான் ஏன் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன்?

அக்டோபர் 16, புதன்

ரெட் அலர்ட். மழை இல்லை. வெயில்கூட அடித்தது. எல்லாரும் பாலத்தின் மேல் நின்று வானத்தைத் திட்டுகிறார்கள். டீக்காரன் ஒருவன் சைக்கிளில் மேலேயே வந்துவிட்டான். நல்ல டீ. இஞ்சி தூக்கல்.

கழுத்து அதே.

அக்டோபர் 17, வியாழன்

தாழ்வு மண்டலம் விடியற்காலையில் கரையைக் கடந்துவிட்டதாம், சென்னைக்கு வடக்கே. வண்டியை எடுத்து வந்தேன். எர்டிகா போய்விட்டது, அந்த இடத்தில் யாரோ ராத்திரியில் ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பின்னால் ஒரு முழம் எடுத்துத்தான் கிளம்ப வேண்டியிருந்தது. எடுக்கும் முன் இறங்கி ஒரு சுற்றுப் பார்த்தேன். பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு பூனை, சூடான ரோட்டில். இல்லை, ரோடு சூடாக இல்லை. காய்ந்த இடம் அது ஒன்றுதான். விரட்டினால் போக மறுத்தது. பிஸ்கட் வாங்கப் போனேன்.

அக்டோபர் 18, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரி. காலை ஆறுக்குப் போய் மதியம் ஒன்றுக்கு டாக்டர். எலும்புத் தேய்மானம், நரம்பை அழுத்துகிறது. பிசியோ பெண்ணுக்குப் பெரியவள் வயசுதான் இருக்கும். தலையைத் திருப்பச் சொன்னாள். "எழுபது டிகிரி போகணும் ஐயா. பாதிகூடப் போகல." என்ன வேலை என்றாள். சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

கழுத்துப் பட்டை கொடுத்தார்கள். வாசலிலேயே கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். பட்டை போட்ட டிரைவரை எவன் கூப்பிடுவான்?

ஹைவேயில் இதனால் ஒன்றும் ஆகாது. லேன் மாற கண்ணாடி போதும், மூன்று கண்ணாடி இருக்கிறது. எத்தனை தூரம் விட்டு பிரேக் போட வேண்டும் என்பது கழுத்தில் இல்லை. இவ்வளவு வருஷம் ஓட்டினது கழுத்தால் இல்லை. நிறுத்துகிற இரண்டு நிமிஷம்தான். அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்.

நானும் அதை வைத்துத்தான் மற்றவனைப் பார்த்தேன்.

அக்டோபர் 19, சனி

அம்மாவோடு திருவான்மியூர். போகும்போது பேசவில்லை. வரும்போது டைடல் பார்க் சிக்னலில், "இப்பல்லாம் நீங்க திரும்பிப் பாக்கறதில்லையே" என்றார்கள்.

கேமரா இருக்கேம்மா என்றேன்.

"வண்டியை விடறச்சே சொல்லலை. நான் ஏதாவது கேட்டா திரும்பிப் பாத்துப் பதில் சொல்லுவேளே. பத்து நாளா கண்ணாடியப் பாத்துண்டே சொல்றேள்."

என்ன சொல்வது? சிக்னல் விழுந்தது. சொல்லிவிட்டேன். கை மரத்துப்போவதை மட்டும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணாடி மேல் ஒட்டுகிற குண்டுக் கண்ணாடி விற்கிறதே, அதை வாங்கி ஒட்டுங்கள் என்றார்கள். அவர்கள் வீட்டுக்காரர் கடைசியில் வைத்திருந்தாராம். அப்புறம் பேச்சில்லை. தரமணி தாண்டும்போது பார்த்தேன், தூங்கிவிட்டார்கள். வாய் லேசாகத் திறந்து. என் கழுத்து தெரிந்தும் தூங்குகிறார்கள்.

வேகத்தடை எல்லாம் பூனை மாதிரி ஏற்றி இறக்கினேன்.

அக்டோபர் 21, திங்கள்

புது நோட்டீஸ். மாமி ஜன்னல் பக்கத்து நாலு வண்டி மூக்கால், மற்றதெல்லாம் ரிவர்ஸில். நம்ம வண்டி அந்த நாலில் ஒன்று. மூக்கால் விட்டுவிட்டுப் போகலாம். சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. இதற்கு டிரைவர் எதற்கு என்று ஒரு எண்ணம். அப்புறம் யோசித்தால், காலையில் வெளியே எடுப்பதும் ரிவர்ஸ்தானே, குழந்தைகள் ஓடுகிற நேரம். அதுதான் நிஜமான கஷ்டம். வாட்ச்மேன் அண்ணனைப் பின்னால் நிற்கச் சொல்லியிருக்கிறேன். டீ என் செலவு.

"என்ன சொல்லணும்?" என்றார். சொல்லிக்கொடுத்தேன். ஓல்டான் என்று சொல்ல வெட்கப்படுகிறார்.

ஜி.பி. ரோட்டில் குண்டுக் கண்ணாடி ஒரு ஜோடி. நூற்றைம்பது சொன்னான், நூறுக்கு வாங்கினேன். அம்மாவிடம் நூற்றைம்பது என்றே சொன்னேன். பில் கேட்கவில்லை, இருநூறு கொடுத்து மீதி வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நாளைக்கு ஆறு மணிக்குக் காஞ்சிபுரம். டயரில் காற்றுப் பார்க்கணும்.